வேலிக்கு அந்தப் பக்கத்துக் கடிதம்

“அழுறதுக்குன்னு தனியா ஒரு ஃபாரம் இருந்தா, அதை வேற யாருக்காவது குடு பொண்ணே. எனக்கு அழ வராது.”

பிரிகிடா கைப்பையை மேசைமேல் தொப்பென்று வைத்தாள். அவள் கணவன் நிக்கானோர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளைபோல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாட்சன்வில் ஊர் மாதா கோயிலின் பின்கூடத்தில், வியாழக்கிழமைகளில் குடியேற்ற மனுக்களை இலவசமாக எழுதிக் கொடுப்பவள் யாதிரா. போன மாதம் சொன்னதையே, மூத்த பெண்களை அழைக்கும் ‘தோன்யா’ என்ற மரியாதைச் சொல்லோடு, மறுபடியும் பொறுமையாகச் சொன்னாள்.

“அழ வேண்டாம், தோன்யா பிரிகிடா. இவர் திருட்டுத்தனமா எல்லை தாண்டி வந்தவர். விசாவுக்காக மெக்சிகோ போனா, பத்து வருஷம் திரும்ப விட மாட்டாங்க. அதுக்கு முன்னாடியே மன்னிப்பு வாங்கணும். குடியுரிமை உள்ளவங்க நீங்க. இவர் இல்லாம நீங்க என்ன பாடுபடுவீங்கன்னு காட்டினாத்தான் மன்னிப்பு. இவர் படுற பாட்டை அவங்க கணக்குலயே எடுக்க மாட்டாங்க.”

“சாட்சிக் கடிதம் கேட்டியே? இந்தா, பதினாலு!”

யாதிரா ஒவ்வொன்றாகப் படித்தாள். ரொட்டிக்கடைக்காரர் எழுதியிருந்தார்: ‘இரண்டு ஆண்கள் தூக்கும் மாவு மூட்டையைப் பிரிகிடா ஒற்றை ஆளாகத் தூக்குவார்.’ பாடகர் குழுத் தலைவி எழுதியிருந்தாள்: ‘எந்தத் துன்பத்துக்கும் கலங்காதவர்.’ பாதிரியார்கூட விடவில்லை: ‘கர்த்தர் இவருக்கு ஒரு பாறையின் உறுதியைக் கொடுத்திருக்கிறார்.’

எல்லாம் அன்பினால் எழுதியவை. ஒரு பெண்ணைப் பலவீனமானவள் என்று காகிதத்தில் எழுத அந்த ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை.

“இதையெல்லாம் அதிகாரி படிச்சா, இந்த அம்மாவுக்குப் புருஷன் எதுக்குன்னு கேட்பார்” என்றாள் யாதிரா.

“இருபத்தாறு வருஷமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் நிக்கானோர்.

“சும்மா இரு கிழவா!”

“தபால்ல இன்னொரு கடிதமும் வந்திருக்கு” என்று ஓர் உறையை எடுத்தாள் யாதிரா. “அனுப்பினது க்ரெசென்சியா. உங்க பக்கத்து வீடுதானே?”

நிக்கானோரின் புருவம் உயர்ந்தது. ஒன்பது வருஷங்களுக்கு முன் க்ரெசென்சியாவின் சேவல் காணாமல் போன அன்றைக்குப் பிரிகிடாவின் வீட்டில் மோலே கோழிக்குழம்பு மணத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

“அந்தச் சூனியக்காரியா? கிழிச்சுப் போடு!”

“படிம்மா” என்றார் நிக்கானோர். அவர் அப்படி அழுத்திச் சொல்வது அபூர்வம்.

யாதிரா படித்தாள்.

‘ஐயா, இவளை எல்லாரும் சிங்கம் என்பார்கள். நம்ப வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இவளுக்குத் தினமும் ஊசி. கை நடுங்குவதால் தானே போட்டுக்கொள்ள வராது, புருஷன்தான் போடுவான். பிப்ரவரியில் அவன் மூன்று வாரம் ஃப்ரெஸ்னோவுக்கு வேலைக்குப் போனபோது, பாதி நாள் ஊசியே போடவில்லை. கொல்லையில் மயங்கி விழுந்து, துணிக்கயிற்றுக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடந்தாள். ராத்திரியில் தனியாகத் தூங்கப் பயந்து, ரேடியோவை அணைக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் பத்து வருஷம் போனால், இவள் ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டாள்.’

“பொய்! பச்சைப் பொய்!” பிரிகிடா எழுந்தே விட்டாள். “என் வீட்டுக் கொல்லையில எட்டிப் பார்க்கிறதுதான் அவளுக்கு வேலையா? நானாவது பயப்படுறதாவது!”

நிக்கானோர் மனைவியின் முகத்தையே பார்த்தார். “பிப்ரவரியிலயா? தினமும் போன்ல, நல்லா இருக்கேன், ஊசி போட்டாச்சுன்னு சொன்னியே கிழவி?”

“நல்லாத்தான் இருந்தேன். அவ பேச்சைக் கேட்டு என்னைச் சந்தேகப்படுறியா?”

“அப்போ நெத்தியில அந்தத் தழும்பு?”

“அலமாரிக் கதவு இடிச்சுது.”

நிக்கானோர் எட்டி, நடுங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்துத் தன் தொப்பிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“தோன்யா, இந்த ஒரு கடிதம்தான் மனுவைக் காப்பாத்தும்” என்றாள் யாதிரா மெதுவாக. “உங்க சர்க்கரை நோய்க்கான ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்த்து வைக்கலாம். ஆனா நீங்க இதை ஒத்துக்கிட்டு மனுவுல கையெழுத்துப் போடணும்.”

பிரிகிடா சுவரில் இருந்த சிலுவையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேனாவைப் பிடுங்கினாள்.

“அவ எழுதினது அத்தனையும் பொய். சர்க்காரு அந்தப் பொய்யை நம்பினா நம்பிட்டுப் போகட்டும். எனக்கு என் புருஷன் வேணும், அவ்வளவுதான்!” காகிதம் கிழிந்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

யாதிரா கடிதத்தை மடிக்கும்போதுதான், அதன் பின்னால் குத்தியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே படித்தாள்.

“இன்னும் ஏதோ எழுதியிருக்காங்களே?” என்றார் நிக்கானோர்.

யாதிரா நிமிர்ந்தாள். பிரிகிடாவின் கண்கள் அவளையே பார்த்தன. இவ்வளவு நேரமும் அவற்றில் எரிந்த கோபத்தைக் காணோம். கெஞ்சல் மட்டும் இருந்தது.

‘ஆண்டவரே, மன்னியும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, “ஒண்ணுமில்ல, அவங்க முகவரி” என்றாள் யாதிரா.

சீட்டில் இருந்தது இதுதான்: ‘மகளே, இதைச் சத்தமாகப் படிக்காதே. போன செவ்வாய்க்கிழமை பிரிகிடா என் கதவைத் தட்டினாள். “என்னைப் பிடிச்சவங்க எல்லாரும் புகழ்ந்து கெடுத்துட்டாங்க, உள்ளதை எழுத உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல” என்றாள். இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும், அவள் அழுதுகொண்டே சொல்ல நான் எழுதியது.’