நரம்பைத் தூங்க வைக்கும் ஊசி

“நாளைக்கு எனக்கு ஊசி வேண்டாம்,” என்றாள் மாமியார், இடுப்பைப் பிடித்தபடி.

“ஏன் அத்தை?” பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள்.

“காலையில அந்த டாக்டர் ‘ரேடியேட்டிங் பெயின்’, ‘நெர்வ் பிளாக்’னு அடுக்கிக்கிட்டே போனா. தலையும் புரியல, வாலும் புரியல. கால் விளங்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு.”

மருமகள் அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“வலி இடுப்புல கிளம்பி இப்படிக் கால் வரைக்கும் ஓடுதில்ல? அதைத்தான் அப்படிச் சொல்றது. அந்த வலியைக் கொண்டுவர்ற நரம்பைக் கொஞ்ச நாளைக்குத் தூங்க வைக்கத்தான் ஊசி. கால் நல்லா நடக்கும்.”

மாமியாருக்குக் கண் கலங்கியது. “இவ்வளவுதானா! என் வயித்துல பால் வார்த்தே. நல்லா இருக்கணும்மா நீ.”

“இதைக் காலையிலயே கேட்டிருக்கலாமே அத்தை?”

“ஆஸ்பத்திரியில உன் ரூம் வாசல்ல அவ்வளவு கூட்டம் காத்திருந்துதே! நாளைக்கு அவங்களுக்கும் இப்படியே சொல்லு, டாக்டரம்மா.”