யார் வீட்டு ஜீன்?

"மூக்கு எங்க வம்சம், டாக்டர். கட்டி அவ வம்சம்!"

அப்பா அடித்துச் சொன்னார். அவருடைய மூக்கு அறைக்குள் நுழைந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அவரே நுழைவார். மகளுக்கோ சட்டைப் பட்டன் அளவுதான். அதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஆமாமா, உங்க வம்சம் சொக்கத்தங்கம்!" அம்மா சீறினாள். "உங்க பெரியப்பா இருமினா நாலு தெரு நாய் சேர்ந்து குரைக்கும். வியாதியெல்லாம் அங்கேருந்துதானே புறப்படுது!"

நடுவில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் பெயர் வாலு. நோயாளியும் அவள்தான். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற புற்றுநோய். மூன்று மருத்துவமனைகள் மூன்று பெயர் வைத்தாயிற்று. கொடுத்த மருந்தையெல்லாம் குடித்துவிட்டுக் கட்டி இன்னும் கொழுத்ததுதான் மிச்சம். கடைசி நம்பிக்கை, இந்த மரபணுப் பரிசோதனை.

டாக்டர் கணினித் திரையைத் திருப்பினார். "கட்டியில ஒரு ஜீன் கோளாறா இருக்கு. உங்க பொண்ணு ரத்தத்துலயும் அதே கோளாறு. அதாவது, பிறவியிலேயே வந்தது."

அம்மாவின் கை வாலுவின் கையைத் தேடிப் பிடித்தது.

"பயப்படாதீங்க. அந்தக் கோளாறுதான் நமக்குக் கிடைச்ச பிடி. அது இருந்தா வேலை செய்யற மாத்திரை ஒண்ணு இருக்கு. நல்லா கேட்கும்னு நம்பறேன்."

அவ்வளவுதான். அப்பா நாற்காலியிலிருந்து எகிறினார்.

"அப்பவே நினைச்சேன்! அந்த ஜீன் எங்க பக்கம்தான்!"

"ஆசையப் பாரு! டாக்டர், அது எங்கம்மா வழி. அப்படியே எழுதிக்குங்க."

"சண்டை வேண்டாம்," டாக்டர் சிரித்தார். "சொந்தத்துல வேற யாருக்கு இருக்குன்னும் பார்க்கணும். ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க, யார் வழின்னு தெரிஞ்சிடும்."

அப்பா சட்டைக் கையை மடித்தார். அம்மா வளையலை மேலே தள்ளினாள். முந்திக்கொண்டு நீட்டியதில் இரண்டு கைகளும் முட்டிக்கொண்டன.

வாலுவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"விட்டுடுங்க டாக்டர், இவங்க ரத்தத்துல ஒண்ணும் கிடைக்காது. குழந்தைகள் காப்பகத்துலேருந்து என்னைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே, ரெண்டு பேரும் அதை மறந்துட்டாங்க."