கதவோடு வெளியேறியவர்

ஆலைச் சங்கு ஊதியதும் தெருவிலிருந்த கதவுகளெல்லாம் ஒரே குரலில் பேசின. "ரசாயனக் கசிவு. உடனே வெளியேறுங்கள். சற்று நேரத்தில் பூட்டிக்கொள்வேன்."

"பூட்டிக்க, யாரு வேணாங்கறா," என்றபடி வைரக்கண்ணு திருப்புளியை எடுத்தார். போன கசிவின்போது எதிர்வீட்டு ராசாம்பாளால் நடக்க முடியாது என்று, மீட்புக்காரர்கள் வேறு வண்டி வரும் எனச் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி வருமுன் கதவு பூட்டிக்கொண்டது. மறுநாள் அது திறந்தபோது அவள் கதவோரமாகவே செத்துக் கிடந்தாள். அன்றிலிருந்து வைரக்கண்ணு தன் வீட்டுக் கதவில் கீலுக்கொரு திருகாணிதான் மிச்சம் வைத்திருந்தார்.

கதவைக் கழற்றித் தள்ளுவண்டியில் சாய்த்து, கால் விழுந்துபோன மனைவி பூங்காவனத்தை அதன்மேல் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

தெருமுனையில் மீட்பு வண்டிக் காவலர் மறித்தார். "பெரியவரே, நீங்க மட்டும் ஏறுங்க. படுத்திருக்கறவங்களுக்குப் பின்னாடி வேற வண்டி வருது."

"ராசாம்பாளுக்கும் இதத்தான்டா சொன்னீங்க. அந்தப் பக்கம் புடி. இல்லாட்டி உன் வண்டிக்கு முன்னால இந்தக் கதவப் போட்டு நானும் படுத்துக்குவேன்."

"புடிச்சுத் தொலைய்யா, மூச்சு முட்டுது!" என்று வண்டிக்குள்ளிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள். காவலர் முனகிக்கொண்டே பிடித்தார்.

வண்டி ஊரைத் தாண்டும்போது பூங்காவனத்தின் முதுகுக்கடியிலிருந்து குரல் வந்தது. "வீட்டில் யாரும் இல்லை. பூட்டிவிட்டேன்." தாழ் படக்கென்று வெளியே நீண்டது.

பூங்காவனம் குலுங்கிச் சிரித்தாள். "யோவ், இது யாரப் பூட்டுதாம்?"

வைரக்கண்ணு கதவை ஓங்கித் தட்டினார்.

"உன்னையுந்தான் காப்பாத்தித் தூக்கிட்டு வந்திருக்கேன். வாய மூடு!"