சுத்தமான தீவு

அவள் கூரைமேல் ஏறித் தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே, அவள் கணவன் ஜெபான் பாயை விட்டு எழவில்லை.

ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. அவளுக்குப் பொறுமை இல்லை. கடப்பாரையால் நெம்பினாள். வெயில் நேராக அவன் தலையில் இறங்கியது. அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் அடுத்த தகரத்தையும் பிரித்தாள்.

நிமிஷத்துக்கு ஒருமுறை கடலைப் பார்த்தாள்.

பவளத்திட்டுக்கு அப்பால் கப்பல் நின்றது. அரசாங்கம் அனுப்பியதல்ல. அரசாங்கத்திடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, வெளிநாட்டுத் தொண்டர்கள் சிலர் கொண்டுவந்தது. நாளை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வேறொரு தீவுக்குக் கிளம்பிவிடும். ஊர் முழுக்க வீடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பலகை, சன்னல், தேவாலய மணி, எல்லாம் படகேறின.

முப்பது வருடத்துக்கு முன், தூரத்துத் தீவொன்றில் அந்நிய ராணுவத்தார் அணுகுண்டைச் சோதித்தார்கள். இங்கே வெள்ளைச் சாம்பல் பெய்தது. அன்று அவர்களே வந்து எல்லோரையும் ஏற்றிப்போனார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களே கொண்டுவந்து இறக்கினார்கள்.

தீவு சுத்தம் என்றார்கள். நண்டு மட்டும் தின்ன வேண்டாம் என்றார்கள்.

ஜெபான் நம்பினான். படித்தவர்கள் கருவி வைத்துப் பார்த்துச் சொன்னது என்பான்.

மகள் லிஜோனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. ஐந்து மாதம்.

அவள் கூரையிலிருந்து குனிந்தாள்.

"சுத்தமான மண்ணுல நண்டு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? அதைச் சொல்லிட்டு உக்காரு."

அவன் வெயில் படாத மூலைக்குப் பாயை இழுத்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து எழுந்தான். கதவைத் தானே கழற்றினான். அவள் கை வைத்தால் உடைத்துவிடுவாளாம்.

புதிய தீவில் கல்லும் புதரும்தான். பிரித்த வீடுகள் கரையில் குவியலாகக் கிடந்தன. எது யாருடைய சுவர் என்று தெரியவில்லை. இரண்டு நாள் கப்பலில் கொடுத்த பிஸ்கட்டில் ஓடியது. மூன்றாம் நாள் ஜெபான் மீன் பிடித்துவந்தான். அவள் சுட்டு இலையில் வைத்தாள்.

லிஜோன் கை நீட்டினாள்.

ஜெபான் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

முதல் துண்டைத் தின்றான். மெதுவாக மென்றான். இந்தப் பக்கம் சாம்பலே வரவில்லை என்று கப்பல்காரர்கள் கருவி வைத்துப் பார்த்துச் சொன்னதை மனைவி நினைவூட்டினாள்.

அவன் தலையாட்டினான்.

இலையை விடவில்லை.

"நீ நாளைக்குச் சாப்பிடும்மா."