விரல் பட்ட இடம்

நூலக ஸ்கேனரின் விளக்குக்குக் கீழே, அணை நீரில் மூழ்கிய ஊரின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. இன்று படமெடுத்ததும் பெட்டிக்குள் போய்விடும். இனி யாரும் தொட முடியாது. அதனால்தான் அந்த ஊர்க்காரர்களான அக்காவும் தம்பியும் வந்து நிற்கிறார்கள். "நம்ம வீட்டைக் கொஞ்சம் பெரிசா காட்டுங்க," என்கிறாள் அக்கா. ஊழியர் திரையில் பெரிதாக்குகிறார். ஆறு தெரிகிறது, பாலம் தெரிகிறது. வீடுகள் இருந்த இடத்தில் மட்டும் மை தேய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. "வர்றவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டு மேலதானே விரலை வைக்கிறாங்க," என்கிறார் ஊழியர், மெதுவாக. "நீ ஒருத்தி தடவினதே போதுமேக்கா," என்று தம்பி சிரிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அக்கா தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்க்கிறாள். "இன்னும் கொஞ்சம்," என்கிறாள். பெரிதாக்கப் பெரிதாக்க வெள்ளைதான் பெரிதாகிறது.