நெமிலிச்சேரியில் நடந்த கல்

"கல்லுக்குக் கால் மொளைக்குமா ஆபீசரே?"

"முளைக்காது. உங்க ஊர்க் கல்லுக்கு மட்டும் முளைச்சிருக்கு போல."

மோர்ச் சொம்பை நீட்டியபடி பூங்காவனம் கேட்ட கேள்வியும், அவன் பதிலுக்கு அவள் சிரித்த சிரிப்பும் நாகேந்திரன் காதைவிட்டுப் போகவே இல்லை. இன்று அதே வரப்பில், அதே கல்லுக்கு முன்னால், கடைசி முறையாக நிற்கிறான்.

ஆவடியில் பட்டாளம் முகாம் போட்ட நாளிலிருந்து, கிணறு எங்கே தோண்டலாம், சாலைக்குச் சரளை எங்கே கிடைக்கும் என்று மண்ணைப் பார்த்துச் சொல்வது அவன் உத்தியோகம். யுத்த காலக் காகிதங்களையெல்லாம் கட்டி ஆவண அறைக்கு அனுப்பியாயிற்று. நெமிலிச்சேரி எல்லைத் தகராறு மட்டும் பாக்கி. பதினேழு கிணறுகளுக்கும் சேர்த்தே காகிதம் அரைக்கட்டு. இந்த ஒற்றைக் கல் மட்டும் ஒன்றரைக் கட்டு!

சரளை கிடந்தது பரந்தாமன் நிலத்துக்கும் அவர் பங்காளி துலுக்கானம் நிலத்துக்கும் நடுவில். சரளைப் பணம் யாருக்கு என்று சொல்ல வேண்டிய எல்லைக் கல், இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தால்தான் அசையும் கருங்கல். நாகேந்திரன் மண்ணின் நிறம் பார்த்துப் பழைய குழியைக் கண்டுபிடித்து, ஆள் வைத்து நட்டுவிட்டுப் போவான். அடுத்த மாதமே புகார் வந்துவிடும்: 'கல் நகர்ந்துவிட்டது.' இதோடு ஒன்பதாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் சாப்பாடு பரந்தாமன் வீட்டில்தான். பூந்தமல்லியில் அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த வழியில் உறவு என்பதெல்லாம் பந்தியிலேயே பேசியாகிவிட்டது. அவர் மகள் பூங்காவனத்தைக் கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பான். மோரோடு சேர்த்து விழுங்கிவிடுவான். தகராறு தீர்க்க வந்த அதிகாரி ஒரு கட்சிக்காரர் வீட்டில் பெண் கேட்டால் ஊர் என்ன பேசும்? முதலில் தகராறு முடியட்டும்.

அதுதான் முடிந்தபாடில்லை.

"யார் நகர்த்தினதுன்னு இன்னிக்கு எழுதியே ஆகணும்" என்று பேனாவைத் திறந்தான்.

"இன்னா சந்தேகம்? தோ நிக்கிறானே, இவன்தான்!" என்றார் பரந்தாமன், இடுப்பைப் பிடித்தபடி.

"யோவ், குனிஞ்சு நிமிர முடியாம கீறேன், நானா கல்லைத் தூக்குவேன்?" என்று துலுக்கானமும் தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருவரிடமிருந்தும் ஒரே தைல வாசனை.

"சித்தப்பா, மெதுவா. மறுபடியும் புடிச்சிக்கப் போவுது" என்றாள் மோரோடு வந்த பூங்காவனம். நாகேந்திரனை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"சண்டை வேண்டாம். நாளைக்கு நான் கல்கத்தா போறேன். மாற்றல் ஆயிடுச்சு. இனிமே வேற ஆபீசர் வருவார்."

சண்டை பட்டென்று நின்றது. சொம்பிலிருந்து மோர் தளும்பி வரப்பில் சிந்தியது.

"வேற ஆபீசரா?" என்றார் பரந்தாமன். "அவருக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. நாலு பிள்ளைங்க. ஏன் கேட்கறீங்க?"

கிழவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துலுக்கானம் அந்தக் கல்லின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ நைனா. மொத தபா பட்டாளத்து லாரி இடிச்சி நவுந்துச்சி. மத்த எட்டு தபாவும் நாங்க ரெண்டு பேருந்தான்."

"ரெண்டு பேருமா? எதுக்கு?"

"புகார் குட்த்தாத்தானே நீ வருவே? பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்களா வாய் தொறந்து கேட்டா மரியாதையா இருக்குமா, சொல்லு?"

நாகேந்திரன் கையிலிருந்த பேனா நழுவி மண்ணில் விழுந்தது. பூங்காவனம் சொம்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பரந்தாமன் மெல்ல இடுப்பை நிமிர்த்தி அவன் தோளைப் பற்றினார்.

"இனிமே தூக்கத் தெம்பு இல்ல மாப்ளே. இன்னிக்காவது பொண்ணு கேளு!"