ஒரே ஜோடி

எதிர்ப்பள்ளிப் பெண்கள் காலையிலிருந்து லூர்துமேரியை "செகண்ட் ஹேண்ட்" என்றே கூப்பிட்டார்கள். அவள் காலில் கிடந்தது யாரோ ஓடித் தேய்த்துத் தூக்கிப்போட்ட ஸ்பைக் ஷூ. அவளுடைய பள்ளிக்கே அது ஒரு ஜோடிதான். முனையில் துணியை அடைத்துக்கொண்டு நூறு மீட்டர் ஓடினாள். அத்தனை பேரையும் பின்னால் தள்ளி முதலாவதாக வந்தாள்.

மேடையில் வெறுங்காலோடு ஏறியவளிடம், பதக்கம் போட வந்தவர் கேட்டார்: "ஷூ எங்கம்மா?"

லூர்துமேரி மைதானத்தின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே இருநூறு மீட்டர் கோட்டில், அவள் வகுப்புத் தோழி ராஜகனி அடைத்த துணியை உருவி எறிந்துவிட்டு நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வெடித்தது. பதக்கம் கழுத்தில் ஏறுமுன்பே லூர்துமேரி மைதானம் அதிரக் கத்தினாள்:

"ஓடுடி, தேர்ட் ஹேண்ட்!"